கதவை மறிப்பவரும் இடம் கொடுக்காதவரும் ஒன்றா?

ஜூன் 9, 2025, காலை 10.50 (இழையைத் தொடங்கிய வாசகர் எழுதியது)

சென்னை மின்சார ரயிலில் இப்போது ஒருவரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. வயதானவர் எதிரில் நின்றாலும் போனிலிருந்து தலை தூக்குவதில்லை. அதிலும் காலேஜ் பிள்ளைகள் ரொம்ப மோசம். இருபது வருஷத்துக்கு முன்னால் இப்படியா இருந்தது? மரியாதை செத்துவிட்டது என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

ஜூன் 9, இரவு 9.35

உண்டு. நான் மறுக்கிறேன்.

நான் கூடுவாஞ்சேரியில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குபவள். பெரும்பாலும் லேடீஸ் கோச்சில்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினால் முதலில் எழுவது காலேஜ் பெண்கள்தான். நுங்கம்பாக்கம், எழும்பூர் பக்கம் படிக்கப் போகிறவர்கள். "உக்காருங்க அக்கா" என்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். போன் பார்க்கிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை.

எழாதவர்கள் யார் என்றால் என் வயதுப் பெண்கள். விடியுமுன் எழுந்து, வீட்டில் எல்லாருக்கும் சமைத்து, டப்பா கட்டி, ஓடிவந்து ஏறியவர்கள். உட்கார்ந்ததும் கண் மூடிக்கொள்வார்கள். அவர்களைச் சுயநலக்காரிகள் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. கதவு. ஸ்டேஷனில் வண்டி நிற்பது அரை நிமிடம் இருக்கும், சில நேரம் அதுவும் இல்லை. அந்த நேரத்துக்குள் இறங்குபவர்கள் இறங்கி, ஏறுபவர்கள் ஏற வேண்டும். கதவில் ஐந்தாறு பேர் இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டு, நடுக்கம்பியில் ஒருவர் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் பாதி வழி அடைந்துபோகிறது. உள்ளே பார்த்தால் இரண்டு சீட் வரிசைகளுக்கு நடுவில் தாராளமாக நிற்கலாம். பெருங்களத்தூரில் பிளாட்பாரத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் காலி இடம் தெரிகிறது. ஆனால் அவளால் ஏற முடியாது. வண்டி போய்விடும், அவள் அடுத்த வண்டிக்கு நிற்பாள், ஆபீசில் லேட் மார்க் வாங்குவாள்.

சீட் கொடுக்காதவரால் ஒருவர் நின்றுகொண்டு போகிறார். கதவை மறிப்பவரால் ஒருவர் போகவே முடிவதில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துத் திட்டக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஜூன் 10, மதியம் 1.15

"லேடீஸ் கோச்சில் இந்தச் சண்டையெல்லாம் இருக்காதே" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறக்கூடாது என்னும் ரயில்வே சட்டத்தின் 162-ஆம் பிரிவு உங்களை உள்ளே விடாது என்பதால் நானே சொல்கிறேன்.

இருக்கிறது. முதலாவது, கைப்பை. பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து, "ஆள் வராங்க" என்பார்கள். அந்த ஆள் இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஏறப்போகும் தோழி. தினமும் ஒன்றாகப் போகும் குழுக்கள் இப்படிச் செய்வது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குள் எவ்வளவு பாசம் தெரியுமா! ஒருத்தி வீட்டில் விசேஷம் என்றால் வண்டியிலேயே கேசரி வரும், வளைகாப்பு நடக்கும், கையில் வளையல் அடுக்கிப் பாட்டுப் பாடுவார்கள். அந்த அன்பைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அதே குழு, தெரியாத ஒரு பாட்டியை "இது ஆள் இருக்கிற சீட்டு" என்று நிற்க வைக்கும். தன் ஆட்களிடம் காட்டும் பிரியம் அடுத்தவரிடம் காட்டும் முரட்டுத்தனத்துக்கு ஈடாகாது.

இரண்டாவது, சீட்டுக்குச் சொல்லி வைப்பது. நிற்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் "எங்க இறங்குறீங்க?" என்று கேட்பார்கள். "கிண்டி" என்றால் "அப்ப எனக்கு" என்று ஒரு சொல். அவ்வளவுதான், அந்த சீட் அவளுக்கு. பக்கத்தில் நிற்பவர்கள் மூன்று பேரும் அதை மதிப்பார்கள். யாரும் எழுதி வைக்காத இந்த ஏற்பாடு அநேகமாகச் சண்டையில்லாமல் நடக்கிறது, எனக்கு அதில் மரியாதையும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், பல்லாவரத்தில் முழங்கால் வலியோடு ஒரு அம்மா ஏறுகிறார். கிண்டியில் காலியாகும் சீட்டுக்குத் தாம்பரத்திலேயே ஒருத்தி சொல்லி வைத்திருக்கிறாள். சீட் யாருக்கு?

என் பதில்: அம்மாவுக்கு. ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவள் சொல்லி வைத்தவள். எழுந்து போகிறவள் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்து, காத்திருந்தவளைக் கெட்டவளாக்கிவிட்டு இறங்கிப் போகக்கூடாது. இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள் என்று தெரியும்.

ஜூன் 12, காலை 7.50 (வண்டியில்)

கதவை மறிப்பதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டா என்று கேட்டவருக்கு. 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம், 155-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. தனக்கென்று ஒதுக்கப்படாத பெட்டியில் இன்னொரு பயணி முறையாக ஏறுவதைத் தடுப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். கூரையிலோ படியிலோ பயணம் செய்தால் 156-ஆம் பிரிவு, மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 156-ல் பிடித்து அபராதம் போட்ட செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. 155-ல் ஒருவரைப் பிடித்ததாக நான் படித்ததே இல்லை.

கிண்டி வருகிறது, மீதி அப்புறம்.

ஜூன் 12, இரவு 10.05

"கதவில் நிற்பது அவனவன் உயிர், அவனவன் இஷ்டம்" என்று எழுதியிருக்கும் தம்பிக்கு, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அது அவன் உயிர் மட்டும் இல்லை.

2018 ஜூலை 24 காலை நினைவிருக்கிறதா? மின்கம்பிக் கோளாறால் லோக்கல் வண்டிகளை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். காத்திருந்த கூட்டம் முழுக்க வந்த வண்டியில் ஏறியது. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து திருமால்பூர் போகும் வண்டி. பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி இருந்த தடுப்புச் சுவரில், படியில் தொங்கி வந்தவர்கள் மோதி விழுந்தார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பிய இளைஞர்கள்.

அவர்களில் எத்தனை பேர் காற்றுக்காகத் தொங்கினார்கள், எத்தனை பேர் உள்ளே போக வழியில்லாமல் தொங்கினார்கள்? யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. வெளியே தொங்குகிறவன் விளையாட்டுத்தனமாக நிற்கிறான் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவனுக்கு முன்னால், பத்திரமாக உள்பக்கம் கம்பியில் சாய்ந்து நின்று ஓரடி நகராதவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பஸ்ஸிலும் இதே கதைதான். 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில் படிக்கட்டில் பயணம் செய்த மாணவர்கள் லாரி உரசி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பஸ்களுக்குக் கதவு வேண்டும் என்ற பேச்சு பலமாக எழுந்தது.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. என் மகன் அந்த வயது.

ஜூன் 15, மாலை 5.20

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. "கூட்டம் அதிகமானால் மனிதன் மிருகமாகிவிடுகிறான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, அப்படியென்றால் சென்னை பஸ்ஸில் காசு கைமாறுவதற்கு என்ன சொல்வீர்கள்?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சென்னை மாநகரப் பேருந்தில் கண்டக்டர் பெரும்பாலும் பின்வாசல் பக்கத்துத் தன் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். முன்வாசலில் ஏறியவர் இருபது ரூபாய் நோட்டை முன்னால் நிற்பவரிடம் நீட்டி, "சைதாப்பேட்டை ஒண்ணு, பாஸ் பண்ணுங்க" என்பார். நோட்டு ஏழெட்டுக் கை மாறிக் கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். வழியில் ஒருவர் கையில் குழந்தை இருக்கும், ஒருவர் தூங்கி வழிவார், ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சண்டையை நிறுத்தாமலேயே கை மட்டும் நீண்டு காசை வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும்! சில்லறை குறைந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று பை. நிற்பவரின் கனமான பையை, "குடுங்க, நான் வெச்சுக்கறேன்" என்று உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைகள் மூன்று நான்கு ஒரே மடியில் அடுக்கியிருக்கும். கேட்கக்கூட வேண்டாம். பெயர் தெரியாத ஆளை நம்பிப் பையைக் கொடுத்துவிட்டு நான்கு வரிசை தள்ளிப் போய் நிற்கிறோம்.

அதே பஸ், அதே கூட்டம், அதே வியர்வை. ஆனால் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாதான இருக்கு" என்று கண்டக்டர் தொண்டை வறளக் கத்தினாலும் நகர மாட்டார்கள். காசு கொடுத்து வாங்குவதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அதனால் செய்கிறோம் என்று ஒருவர் சொல்லலாம். பையை மடியில் வாங்குவது அப்படியில்லையே. கால் மரத்துப்போகும், தன் ஸ்டாப்பில் இறங்கும்போது பைக்காரரைத் தேட வேண்டும். அப்படியும் செய்கிறார்கள்.

ஆகவே கூட்டம் நம்மை மிருகமாக்கிவிடவில்லை. சில காரியங்களில் அதே கூட்டத்துக்குள்தான் நம்முடைய நல்ல குணம் வெளியே வருகிறது. கதவு பக்கம் மட்டும் அது ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, இரவு 8.40

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. காசு பாஸ் பண்ணுவது இப்போது குறைந்துவருகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த வருஷம் ஜனவரியில், மெட்ரோவில் காசுக்குப் பதிலாகக் காட்டும் சிங்காரச் சென்னை அட்டை பஸ்ஸுக்கும் வந்தது. இரண்டும் நல்லது, நான் குறை சொல்லவில்லை. கட்டணமில்லாப் பயணத்தால் எத்தனை பெண்கள் வேலைக்கே போக ஆரம்பித்தார்கள் என்பதை என் தெருவிலேயே பார்த்தேன்.

அதனால், "ஃப்ரீயாக வருகிறவர்கள் எழுந்து டிக்கெட் எடுத்தவருக்கு இடம் கொடுக்கலாமே" என்று இந்த இழையில் ஒருவர் எழுதியதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்தப் பணத்தை அரசு கட்டுகிறது. அந்த அரசுக்கு அவளும் வரி கட்டுகிறாள், வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் கட்டுகிறாள். அவளுடைய பயணம் யாருடைய பயணத்தையும்விடக் குறைந்ததில்லை.

ஜூன் 21, இரவு 9.10

சீட் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். என் நாத்தனார் மூன்று மாதக் கர்ப்பிணி. வயிறு தெரியாது. வாந்தி, தலைசுற்றல் எல்லாம் இந்த மாதங்களில்தான் அதிகம். மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்து, வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "ஒருத்தரும் எழலை அண்ணி" என்றாள். "நீ கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. வாய் வரவில்லையாம்.

அமெரிக்காவில் 1970-களில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியல் பேராசிரியர் இதையே சோதித்துப் பார்த்தார். நியூயார்க் சுரங்க ரயிலில் தன் மாணவர்களை அனுப்பி, உட்கார்ந்திருப்பவர்களிடம் காரணம் எதுவும் சொல்லாமல் "உங்கள் இடத்தை எனக்குத் தருகிறீர்களா?" என்று மட்டும் கேட்கச் சொன்னார். கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எழுந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நியூயார்க்கில்! இதைவிட ஆச்சரியம், கேட்கப் போன மாணவர்கள் பட்ட பாடு. பேராசிரியரே ஒருமுறை கேட்கப் போய், சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டதாம். இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு, உடம்பு சரியில்லாதவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதாம்.

நாத்தனாருக்கு நடந்ததும் அதுதான். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் என்று அவள் நினைத்தாள். அவர்களுக்கு அவள் நிலைமை தெரியவே தெரியாது. லண்டனில் 2005 முதல் கர்ப்பிணிகள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுக்கிறார்கள். வெளியே தெரியாத நோய், வலி உள்ளவர்களுக்காக 2017-ல் இன்னொன்றும் வந்தது. இங்கே நமக்கு அது இல்லை. வாய்தான் இருக்கிறது.

"கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றால் அது மரியாதையா?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அதுவும் மரியாதைதான். கேட்டதும் முகம் சுளிக்காமல் எழுபவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஜூன் 22, காலை 6.30

இரவு முழுக்க யோசனை. "வாய் இருக்கிறது, கேள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எனக்கு அது சுலபம். ஐம்பதைத் தொடும் வயது, கழுத்தில் ஆபீஸ் அட்டை. நான் கேட்டால் எழுவார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை.

பீச்சில் கூடையோடு ஏறும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மீன் கூடையோ, காய் மூட்டையோ. சீட் காலியாக இருந்தாலும் பலர் உட்கார மாட்டார்கள், கதவோரம் தரையில் குந்திக்கொள்வார்கள். உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நகர்வாள். ஒருமுறை நன்றாக உடுத்திய ஒரு பெண், கூடைக்கார அம்மாவைப் பார்த்து "கீழ உக்காருங்க, அதுதான் உங்களுக்கு வசதி" என்றாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கி உட்கார்ந்தார். அவர் கையிலும் டிக்கெட் இருந்தது.

இதை நான் மரியாதைக் குறைவு என்ற வகையில் மட்டும் சேர்க்க மாட்டேன். இது அதைவிட மோசமானது, பழையது. அந்த அம்மாவிடம் போய் "வாயைத் திறந்து கேளுங்கள்" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அங்கே கேட்க வேண்டியவர்கள் நாம், பக்கத்தில் நிற்பவர்கள். "அம்மா, மேல வந்து உக்காருங்க, இடம் இருக்கு" என்று ஒரு மூன்றாவது ஆள் சொன்னால் வண்டியின் நிலைமையே மாறிவிடும். அன்றைக்கு அதைச் சொன்னவர் ஹேர்பின், ரப்பர் பேண்ட் விற்றுக்கொண்டு வந்த பெண். அவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கியே விட்டார்.

ஜூலை 3, மாலை 6.45

சத்தமாக வீடியோ பார்ப்பவர்கள் பற்றி நீளமாக விவாதித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. ஹெட்போன் போடுங்கள், முடிந்தது. போன வாரம் ஒரு பெண் சீரியலைச் சத்தமாக வைத்திருந்தாள். எதிரே இருந்த பாட்டி, "அந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கியே கண்ணு, எனக்குப் படம் தெரியல, வசனம் மட்டும் கேக்குது" என்றார். பெட்டியே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள், பாட்டி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். சத்தம் குறைந்தது.

ஜூலை 14, இரவு 10.20

ஏசி வண்டியில் போனேன். ஏப்ரல் 19-ல் ஓட ஆரம்பித்தது, தெற்கு ரயில்வேயின் முதல் ஏசி லோக்கல். கதவு தானாக மூடும், மூடினால்தான் வண்டி நகரும். குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். தினமும் போக எனக்குக் கட்டுப்படியாகாது.

அங்கே கவனித்தது இதுதான். கதவு பக்கம் கூட்டம் சேரவில்லை. ஏறியவர்கள் தாங்களாகவே உள்ளே போனார்கள். "பணக்காரர்கள் வண்டி, படித்தவர்கள், அதனால் ஒழுங்கு" என்று என்னுடன் வந்தவர் சொன்னார். நான் நம்பவில்லை. அதில் வந்த பாதிப் பேரை எனக்குச் சாதாரண வண்டியிலேயே தெரியும். இங்கே கதவில் சாய்ந்து நிற்பவர்கள்தான் அங்கே உள்ளே போய் நின்றார்கள்.

ஏன் என்றால், அங்கே கதவில் நிற்பதால் லாபம் இல்லை. சாதாரண வண்டியில் சித்திரை, வைகாசி வெயிலில் காற்று வரும் ஒரே இடம் கதவு. உள்ளே நடுவில் நின்றால் மூச்சு முட்டும், மின்விசிறி இருந்தும் தலைகளுக்கு மேலேயே சுற்றிவிட்டுப் போகும். இது ஒன்று.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. வீட்டுக்கு வந்து மகனிடம் "நீ ஏன்டா கதவுலயே நிக்கற?" என்று கேட்டேன். "உள்ள போனா பல்லாவரத்துல இறங்க விட மாட்டாங்கம்மா. ஒருதடவை திரிசூலம் போய் இறங்கித் திரும்பி வந்தேன்" என்றான். அவ்வளவுதான் விஷயம்! கதவில் நிற்பவன் உள்ளே போகாததற்குக் காரணம், இறங்கும்போது வழி கிடைக்காது என்ற பயம். வழி ஏன் கிடைக்காது? கதவில் ஆட்கள் நிற்பதால். அவர்கள் ஏன் நிற்கிறார்கள்? அதே பயம். ஒவ்வொருவரும் மற்றவர் வழிவிட மாட்டார் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அந்த முடிவாலேயே மற்றவர் வழியை அடைக்கிறார்கள்.

முதல் நாள் நான் எழுதியதற்கு இதைச் சேர்த்துப் படியுங்கள். கதவை மறிப்பது இன்னும் எனக்குப் பெரிய குற்றம்தான். ஆனால் அதைச் செய்கிறவர்களில் பலர் கொழுப்பெடுத்து நிற்கவில்லை.

ஜூலை 16, காலை 8.05

"மும்பையில் இதைவிடக் கூட்டம், அங்கே எப்படி?" என்று கேட்டவருக்கு. என் சித்தி மாட்டுங்காவில் பல காலம் இருந்தவர். அங்கே இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே கதவை நோக்கி வரிசையாக வந்துவிடுவார்கள், முன்னால் நிற்பவரிடம் "அடுத்த ஸ்டேஷனா?" என்று கேட்டு, இல்லை என்றால் இடம் மாறிக்கொள்வார்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் ஓரத்தில் உட்கார இடம் தருவது அங்கே எழுதாத சட்டம். இன்னொரு பக்கமும் உண்டு: விரார் போகும் ஃபாஸ்ட் வண்டியில், நடுவழியில் இறங்குபவர் ஏறினால் அவரை இறங்க விடாமல் அலைக்கழிப்பதும் அங்கேதான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த "அடுத்த ஸ்டேஷனா?" கேள்வியை.

ஆகஸ்ட் 2, இரவு 9.50

எங்கள் பெட்டியில் அதை ஆரம்பித்துவிட்டோம். நானும், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ஏறும் ஒரு நர்ஸ் அம்மாவும். பழவந்தாங்கல் தாண்டியதும் "கிண்டி இறங்கறவங்க முன்னாடி வாங்க, இறங்காதவங்க உள்ள வாங்க, உங்க ஸ்டேஷனுக்கு நாங்க வழி விடறோம்" என்று குரல் கொடுப்போம். முதல் வாரம் எல்லாரும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது சைதாப்பேட்டை தாண்டியதும் வேறு யாராவது "மாம்பலம் யாரெல்லாம்?" என்று தாங்களாகவே கேட்கிறார்கள். அந்தக் கடைசி வாக்கியம், "நாங்க வழி விடறோம்", அதுதான் வேலை செய்கிறது. வெறுமே "உள்ள போங்க" என்றால் ஒருவரும் அசையவில்லை.

கைப்பைக் குழுக்களிடம் பேசிப் பார்த்தேன். ஒன்று கேட்டது, ஒன்று இன்னும் என்னிடம் பேசுவதில்லை. விட மாட்டேன்.

ஆகஸ்ட் 19, காலை 7.40

மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் நல்ல உடம்போடு ஏறி உட்காருபவர்கள் பற்றி ஒரு சகோதரர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஊன்றுகோலோடு ஓடி வந்து ஏறினால் உள்ளே இடமே இல்லையாம். இதற்கு நான் எந்தச் சமாதானமும் தேட மாட்டேன். பயம், வெயில், அலுப்பு எதுவும் இங்கே காரணமாகாது. அந்தப் பெட்டி அவர்களுடையது. காலியாக இருந்தாலும் ஏறக்கூடாது, ஏனென்றால் அடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிறவரால் கூட்டத்துக்குள் நுழைந்து உங்களை எழுப்ப முடியாது. சகோதரரே, 139 ரயில்வே உதவி எண். பெட்டி எண்ணையும் வண்டி எந்த ஸ்டேஷன் தாண்டியது என்பதையும் சொல்லுங்கள். பக்கத்துப் பெட்டியில் இருப்பவர்களும் அழைக்கலாம், அழைக்க வேண்டும்.

செப்டம்பர் 7, இரவு 8.15

மறைமலைநகரிலிருந்து எழுதிய பெண்ணுக்கு. அம்மாவை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், காலைக் கூட்டத்தில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

செங்கல்பட்டு வண்டியிலேயே எழும்பூர் வரை போகாதீர்கள். விடியற்காலை வண்டியில் தாம்பரம் வரை வந்து, அங்கேயே கிளம்பும் பீச் வண்டியில் ஏறுங்கள். காலியாக நிற்கும், அம்மாவுக்கு ஜன்னல் சீட்டே கிடைக்கும். எழும்பூர் வந்த பிறகு எழலாம் என்று இருக்க வேண்டாம், நுங்கம்பாக்கம் தாண்டியதுமே அம்மாவை எழுப்பி, முன்னால் நிற்பவரிடம் "எழும்பூர் இறங்கறோம், அம்மாவுக்குக் கண் சரியாத் தெரியாது" என்று சொல்லுங்கள். அவரே மற்றவர்களை நகர்த்துவார்.

திரும்பும்போதுதான் கவனம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், படியும் பிளாட்பாரமும் பிரிந்து தெரியாது. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, அதனால் ஏறியதும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாலைக் கூட்டம் சேருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டால் நல்லது. கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள், தண்ணீர் பாட்டிலும். எந்தத் தேதி என்று எழுதுங்கள். கூடுவாஞ்சேரியில் நான் உங்கள் வண்டியிலேயே ஏறிக்கொள்கிறேன், லேடீஸ் கோச், முதல் கதவு.